லூபிட்ச் படங்களை எழுதியவர்

பழைய ஹாலிவுட் காதல் படங்கள் என்றால் இயக்குநர் பெயரும் நடிகர் பெயரும்தான் தெரிகின்றன. அவற்றை எழுதியவர்களின் பிழைப்பு எப்படி ஓடியது, யாராவது ஒருவரை வைத்து விளக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலரைச் சொல்லலாம். ராபர்ட் ரிஸ்கின் இருக்கிறார், டால்டன் ட்ரம்போ இருக்கிறார். ட்ரம்போவின் வாழ்க்கையில் சிறைவாசம், கம்யூனிஸ்ட் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கு ஸ்டுடியோக்கள் வேலை மறுத்த தடைப்பட்டியல், வேறொருவர் பெயருக்குப் போன ஆஸ்கர் என்று எல்லாம் இருப்பதால் அதை எழுதாதவர்கள் இல்லை. அதனால் நான் சாம்சன் ராஃபேல்சனை எடுத்துக்கொள்கிறேன்.

எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய ஒன்பது படங்களில் இவருடைய எழுத்து இருக்கிறது. 'லூபிட்ச் டச்' என்று விமர்சகர்கள் எழுதி எழுதித் தேய்ந்துபோன ஒரு பாராட்டு உண்டு. மூடிய கதவைக் காட்டியே உள்ளே நடப்பதைப் புரியவைப்பது, பாதி சொல்லி மீதியைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுவது, இப்படிப்பட்ட சாமர்த்தியங்களுக்கு அந்தப் பெயர். அதில் பெரும்பகுதி படப்பிடிப்புத் தளத்தில் பிறந்ததே இல்லை. இரண்டு பேரும் குறிப்பெடுக்க ஒரு செயலாளரும் உட்கார்ந்திருந்த அறையில், கேமரா வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே எழுத்தில் முடிந்துவிட்ட சங்கதி அது. அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் ராஃபேல்சன். வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதர் சினிமா எழுத்தை ரொம்ப காலம் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

1894-ல் நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இலினாய் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1917-ல் அந்தப் பல்கலைக்கழகம் இருந்த ஷாம்பெயின் நகருக்கு அல் ஜோல்சன் ஒரு இசை நாடகத்தோடு வந்தார். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களாக நடித்துப் பாடிய காலம், ஜோல்சன் அதில் உச்ச நட்சத்திரம். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த ராஃபேல்சனுக்கு வேறொன்று காதில் விழுந்தது. நம் கோயில்களில் ஓதுவார் இருப்பதுபோல யூதர்களின் தொழுகைக் கூடத்தில் வழிபாட்டைப் பாடி நடத்துபவர் ஒருவர் இருப்பார். ஜோல்சன் குரலில் அந்த உருக்கம் அப்படியே இருந்தது. ஜோல்சனின் தந்தையும் அந்தத் தொழிலைச் செய்தவர்தான்.

இந்தப் பொறியிலிருந்து 1922-ல் ஒரு சிறுகதை, 1925-ல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த ப்ராட்வேயில் 'த ஜாஸ் சிங்கர்' என்ற நாடகம். தந்தை தொழுகைக் கூடத்தில் பாடுபவர், மகனுக்கு மேடைப் பாட்டு மேல் ஆசை. நாடகத்தில் மகன் கடைசியில் மேடையை விட்டுவிட்டுத் தந்தையின் இடத்துக்குத் திரும்புகிறான். வார்னர் பிரதர்ஸ் 1927-ல் ஜோல்சனையே வைத்து இதைப் படமாக்கியபோது, பிள்ளை தந்தைக்காக ஒருநாள் தொழுகையில் பாடிவிட்டு மறுபடி மேடைக்கே போய்விடுவதாக மாற்றிவிட்டார்கள். ராஃபேல்சனுக்குப் படம் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் ஊர் அதைக் கொண்டாடியது. பேசும் படங்களின் யுகத்தைத் தொடங்கிவைத்த படம் என்று இன்றுவரை பாடப்புத்தகங்களில் இருப்பது அதுதான். படம் பேச ஆரம்பித்ததும் வசனம் எழுதத் தெரிந்த நாடகக்காரர்களை ஸ்டுடியோக்கள் தேடித் தேடிப் பிடித்தன. அந்த அலையில் ஹாலிவுட் போனவர்களில் இவரும் ஒருவர். தான் வெறுத்த படமே தனக்கு வேலை உண்டாக்கிக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய ஹாலிவுட்டில் எழுத்தாளன் வாரச் சம்பளக்காரன். சம்பளம் நன்றாகவே இருக்கும், மரியாதைதான் இருக்காது. எழுதியது ஸ்டுடியோவின் சொத்து. ஒரே கதையில் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரை உட்காரவைப்பார்கள். யார் பெயர் திரையில் வரவேண்டும் என்பதை முதலாளிதான் தீர்மானிப்பார். 1933-ல் எழுத்தாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். பெயர் போடுவதைத் தாங்களே முடிவுசெய்யும் உரிமையை ஒப்பந்தமாக வாங்குவதற்குள் 1940கள் பிறந்துவிட்டன. இந்தச் சந்தையில் ராஃபேல்சனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், பாரமவுன்ட் ஸ்டுடியோ அவரை லூபிட்சிடம் அனுப்பியது. லூபிட்சுக்கு எழுத்தாளன் எழுதிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போவது பிடிக்காது. கூடவே உட்கார வேண்டும், ஒவ்வொரு வரியையும் பேசிப் பார்க்க வேண்டும், தானே எழுந்து நடித்துக் காட்டுவார். திரைக்கதை முழுதாக முடிந்த பிறகுதான் படப்பிடிப்பு. அங்கே போன பிறகு பெரிய மாற்றம் எதுவும் இருக்காது. லூபிட்ச் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர் இல்லை. ஆனால் தன் நல்ல வசனங்களில் சில லூபிட்ச் சொன்னவை, 'லூபிட்ச் டச்' என்று புகழப்படுவனவற்றில் சில தன்னுடையவை என்ற பொருளில் ராஃபேல்சன் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

முதல் படம் 1931-ல் வந்த 'த ஸ்மைலிங் லெஃப்டினன்ட்'. எர்னஸ்ட் வைடா என்பவரோடு சேர்ந்து எழுதியது. பாட்டும் கூத்தும் நிறைந்த படம், இன்றைக்கும் பார்க்கலாம். அடுத்தது 'ப்ரோக்கன் லலபை', போருக்கு எதிரான கனமான படம், ஓடவில்லை. எனக்கும் அதில் உபதேச நெடி தூக்கலாகத்தான் தெரிகிறது. உண்மையான விஷயம் 1932-ல் வந்த 'ட்ரபிள் இன் பாரடைஸ்' படத்தில் ஆரம்பிக்கிறது.

கதைக்கு மூலம் ஒரு ஹங்கேரிய நாடகம் என்று டைட்டிலில் வரும். அதைத் தான் படிக்கவே இல்லை என்று ராஃபேல்சன் சொல்லியிருக்கிறார். வெனிஸில் ஒரு ஆடம்பர ஹோட்டல். பிரபு என்று சொல்லிக்கொள்ளும் காஸ்டனும் சீமாட்டி என்று சொல்லிக்கொள்ளும் லில்லியும் இரவு விருந்துக்கு உட்காருகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டே லில்லி சொல்கிறாள்: நீங்கள் ஒரு திருடர், 253, 5, 7, 9 அறைகளில் தங்கியிருந்தவரைக் கொள்ளையடித்தது நீங்கள்தான், அந்த உப்பைக் கொஞ்சம் தருகிறீர்களா? அவன் உப்பை எடுத்துக் கொடுக்கிறான், மிளகுத்தூளும் வேண்டுமா என்று கேட்கிறான். அப்புறம் அதே குரலில், நீங்களும் திருடிதான், அந்த மனிதரின் பர்ஸ் இப்போது உங்களிடம் இருக்கிறது, என் பையிலிருந்து நீங்கள் எடுத்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் உங்கள் அணைப்பு இனிமையாக இருந்ததே என்கிறான். எழுந்துபோய்க் கதவைப் பூட்டுகிறான், திரையை இழுத்துவிடுகிறான், அவளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குகிறான். பர்ஸ் கீழே விழுகிறது. இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்து சாப்பாட்டைத் தொடர்கிறார்கள். அவளுடைய ஊசிப் பதக்கத்தை இவன் எடுத்து வைக்கிறான், இதில் ஒரு கல் நல்ல கல் என்று சான்றிதழும் கொடுத்து. இவனுடைய கடிகாரத்தை அவள் எடுத்துத் தருகிறாள், ஐந்து நிமிடம் பின்னால் ஓடியது, சரி செய்துவிட்டேன் என்று சொல்லி. கடைசியில் அவன், உங்கள் கார்ட்டரை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாம் இல்லையா என்று கேட்கிறான். காலுறை நழுவாமல் தொடையில் கட்டும் பட்டி அது. அவள் கை அனிச்சையாகக் காலுக்குப் போகிறது. அடுத்த நொடி பாய்ந்துபோய் அவனைக் கட்டிக்கொள்கிறாள்.

காதல் காட்சி என்றால் இரண்டு பேர் தங்கள் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும், அதற்குள் ஒருவரை ஒருவர் எடைபோட்டுப் பார்த்திருக்க வேண்டும், ஒருவர் சாமர்த்தியத்தில் மற்றவர் மயங்கியிருக்க வேண்டும். இந்தக் காட்சியில் அத்தனையும் நடக்கிறது. 'காதலிக்கிறேன்' என்ற பேச்சே இல்லை. ஒருவர் சட்டைப்பையில் மற்றவர் கை நுழைவதைவிட நெருக்கமான சங்கதி வேறென்ன இருக்கிறது! எழுத்தில் கவனிக்க வேண்டியது பொருள்களின் வரிசை. பர்ஸ், பதக்கம், கடிகாரம், கார்ட்டர் என்று ஒவ்வொன்றும் உடம்புக்கு நெருங்கிக்கொண்டே போகிறது. இதைத் தளத்தில் எவரும் தற்செயலாகக் கண்டுபிடிக்க முடியாது, யாரோ உட்கார்ந்து அடுக்கியிருக்க வேண்டும்.

1934-ல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கறாராக அமலுக்கு வந்தன. திருடர்கள் தண்டனை இல்லாமல் சிரித்துக்கொண்டே போகும் இந்தப் படத்தை 1935-ல் மறுவெளியீடு செய்ய அனுமதி கிடைக்கவில்லை. அந்த விதிகள் 1960களின் கடைசியில் ஒழியும்வரை படம் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒரு தலைமுறை ரசிகர்களுக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. எழுத்தாளனின் பெயர் மறைந்துபோவதற்கு இயக்குநரின் புகழ் மட்டும் காரணமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கெடுபிடி வந்த பிறகும் மறைமுகமாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு வேலை குறையவில்லை. 1937-ல் வந்த 'ஏஞ்சல்' மொத்தமாகப் பார்த்தால் சுமார்தான், வசூலும் இல்லை. ஆனால் அதில் ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். மனைவியாக மார்லின் டீட்ரிச். அவள் பாரிஸில் பெயர் சொல்லாமல் ஒருவனோடு பழகிவிட்டு வந்திருக்கிறாள். அந்த ஆள் கணவனின் பழைய நண்பனாக மதிய உணவுக்கு வீட்டுக்கே வந்து நிற்கிறான். கணவனுக்கு எதுவும் தெரியாது. மேஜையில் என்ன நடக்கிறது என்று பார்க்க நாம் தவிக்கும்போது படம் சமையலறைக்குப் போய்விடுகிறது. தட்டுகள் திரும்பி வருகின்றன. அம்மா தட்டில் இறைச்சி தொடாமல் அப்படியே இருக்கிறது. விருந்தாளி தட்டில் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறது, ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை. ஐயா தட்டு சுத்தமாகக் காலி. சமையலில் ஏதாவது குறையோ என்று வேலைக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். மூன்று தட்டில் மூன்று பேரின் மனநிலையும் வந்துவிட்டது.

சரி, இப்போது 1940-ல் வந்த 'த ஷாப் அரவுண்ட் த கார்னர்'. என் கணக்கில் இவர் எழுதியதிலேயே உயர்ந்தது இதுதான். 'ட்ரபிள் இன் பாரடைஸ்' பக்கம் நிற்பவர்கள் நிறைய உண்டு, அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். இதற்கு மூலக்கதை மிக்லோஸ் லாஸ்லோ எழுதிய ஹங்கேரிய நாடகம். நாடகத்தில் வாசனைத் திரவியக் கடை, படத்தில் புடாபெஸ்ட்டில் தோல் பொருள்கள் விற்கும் கடை. தலைமை விற்பனையாளன் கிராலிக், புதிதாகச் சேர்ந்த கிளாரா. கடையில் இரண்டு பேருக்கும் ஆகாது. ஆனால் முகம் தெரியாத ஒருவருக்கு இருவரும் அஞ்சல் பெட்டி எண் வைத்துக் காதல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த முகம் தெரியாதவர் யார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இதில் எழுத்தாளன் தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: உண்மை யாருக்கு, எப்போது தெரியவேண்டும்? இரண்டு பேருக்கும் கடைசியில் ஒரேயடியாகத் தெரிந்தால் அது ஒரு நிமிட ஆச்சரியத்தோடு முடிந்துவிடும். படத்தில் முன்னதாகவே கிராலிக்குக்குத் தெரிந்துவிடுகிறது. முதன்முதலாக நேரில் சந்திக்க இருவரும் ஒரு காபிக் கடையைக் குறித்திருக்கிறார்கள். அடையாளத்துக்கு 'அன்னா கரீனினா' புத்தகமும் ஒரு கார்னேஷன் பூவும். அன்றைக்குப் பார்த்து கிராலிக்கை வேலையை விட்டு நீக்கிவிடுகிறார்கள். வேலை போன முகத்தோடு அவளைப் பார்க்கத் தைரியமில்லாமல், நண்பர் பிரோவிட்சை ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்கச் சொல்கிறான். அவர் சுற்றிவளைத்து, சாயல் கொஞ்சம் கிளாரா மாதிரி இருக்கிறது என்கிறார். கிளாராவைப் பிடிக்காது என்றால் இந்தப் பெண்ணையும் உனக்குப் பிடிக்காது என்கிறார். ஏன் என்று கேட்டால், இது கிளாராவேதான்.

கிராலிக் உள்ளே போகிறான், உண்மையைச் சொல்லாமல் எதிரே உட்காருகிறான். காத்திருக்கும் இடத்தில் இவன் வந்து தொந்தரவு செய்கிறானே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. உங்களைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்கிறாள்: இதயத்துக்குப் பதில் ஒரு கைப்பை, ஆன்மாவுக்குப் பதில் ஒரு சூட்கேஸ், மூளைக்குப் பதில் பற்றாத சிகரெட் லைட்டர். கவனியுங்கள், மூன்றும் அவர்கள் கடைச் சரக்கு! கோபம் தலைக்கேறும்போது ஒரு விற்பனைப் பெண்ணின் வாயில் வரக்கூடிய வார்த்தைகள் அவள் தினமும் துடைத்து அடுக்கும் பொருள்களாகத்தான் இருக்கும். வாசனைக் கடையாகவே விட்டிருந்தால் இந்த வசனம் வந்திருக்காது. அவன் பதிலுக்குக் கத்துவதில்லை. நன்றாகச் சொன்னீர்கள், கவித்துவமும் குரூரமும் கலந்த கலவை என்று ரசிக்கிறான். கடிதத்தில் அவன் காதலித்ததும் இதே நாக்கைத்தான்.

இதற்கு அப்புறம் வசனமே இல்லாத ஒரு ஷாட் உண்டு. அஞ்சல் நிலையத்தில் 237 என்ற எண்ணிட்ட பெட்டியை உள்பக்கமிருந்து காட்டுகிறார்கள். கையுறை போட்ட ஒரு கை உள்ளே நுழைந்து துழாவுகிறது. ஒன்றும் இல்லை. அந்தச் சின்னச் சதுரத்துக்குள் கிளாராவின் முகம் தெரிகிறது. அவ்வளவுதான்.

காதல் படம் என்று பெயர் இருந்தாலும் பாதிப் படம் வேலையைப் பற்றியது. வேலை போய்விடுமோ என்ற பயம், முதலாளி கருத்துக் கேட்டால் எதிரே நிற்காமல் நழுவும் பிரோவிட்ச், கிறிஸ்துமஸ் மாலையில் துணைக்கு ஆளில்லாமல் கடை வாசலில் நிற்கும் முதலாளி. லூபிட்சின் தந்தை பெர்லினில் துணிவியாபாரம் செய்தவர், அந்தப் பரிச்சயமும் படத்துக்குள் வந்திருக்கிறது. ஒரு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்காத இந்தப் படத்தை 1949-ல் பாட்டுகளோடு மறுபடி எடுத்தார்கள். அதே கதை 1963-ல் ப்ராட்வே இசை நாடகமாயிற்று. 1998-ல் கடிதத்தை மின்னஞ்சலாக மாற்றி 'யூ ஹாவ் காட் மெயில்' என்று எடுத்தார்கள்.

லூபிட்சுக்கு வெளியேயும் எழுதியிருக்கிறார். ஹிட்ச்காக்கின் 'சஸ்பிஷன்' (1941) திரைக்கதையில் பெயர் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர். மற்ற ஸ்டுடியோ வேலைகள் பலவும் சம்பளத்துக்குச் செய்தவை என்று சொல்லிக் கடந்துவிடலாம். தன் உண்மையான எழுத்து என்று அவர் நினைத்தது நாடகங்களை. 'ஆக்ஸென்ட் ஆன் யூத்' (1934), 'ஸ்கைலார்க்' (1939) இரண்டும் ப்ராட்வேயில் நன்றாக ஓடின. முன்னதை மூன்று முறை சினிமாவாக எடுத்தார்கள். 2009-ல் ப்ராட்வேயில் மறுபடி மேடையேற்றினார்கள். அதைத் தவிர அவருடைய நாடகங்களை இன்று தேடிப் படிப்பவர்கள் அபூர்வம். நியூயார்க்கில் நாடகம் எழுதிச் சாப்பிடுவதற்காகக் கலிஃபோர்னியாவில் செய்த வேலைதான் நிலைத்திருக்கிறது.

லூபிட்சோடு இருந்த உறவும் விசித்திரமானது. அத்தனை மாதங்கள் ஒரே அறையில் உட்கார்ந்தவர்கள், வெளியே பெரிதாகப் பழகிக்கொண்டவர்கள் இல்லை. 1943-ல் லூபிட்சுக்கு மாரடைப்பு வந்தது, பிழைக்க மாட்டார் என்ற நிலை. லூபிட்சின் செயலாளர் கேட்டுக்கொண்டபடி ராஃபேல்சன் ஒரு இரங்கல் உரை எழுதிக் கொடுத்தார். லூபிட்ச் பிழைத்துவிட்டார்! பிறகு ஒரு நாள் அதைத் தான் படித்துவிட்டதாக அவரே ராஃபேல்சனிடம் சொன்னார். தன் இரங்கலைப் படித்த ஆளும் அதை எழுதிய ஆளும் எதிரெதிரே உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசவேண்டியதாயிற்று. இருவருமே சேர்ந்து எழுதியிருக்கக்கூடிய காட்சி. 1947-ல் லூபிட்ச் இறந்தார். இந்தக் கதையை ராஃபேல்சன் தன் எண்பதுகளில், 1981-ல், 'நியூயார்க்கர்' இதழில் கட்டுரையாக எழுதினார். அவரைப் படிக்க ஒரே ஒரு இடம் கேட்டால் அதைத்தான் காட்டுவேன்.

அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது. எழுத்தாளர் சங்கம் 1977-ல் வாழ்நாள் சாதனைக்கான லாரல் விருதைக் கொடுத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். 1983-ல், அவர் இறந்த அதே ஆண்டு, 'ட்ரபிள் இன் பாரடைஸ்', 'த ஷாப் அரவுண்ட் த கார்னர்', 'ஹெவன் கேன் வெயிட்' மூன்றின் திரைக்கதைகளும் விமர்சகர் பாலின் கேலின் முன்னுரையோடு ஒரே புத்தகமாக வந்தன.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், முதலில் 'த ஷாப் அரவுண்ட் த கார்னர்', அடுத்து 'ட்ரபிள் இன் பாரடைஸ்'. 'ஹெவன் கேன் வெயிட்' வயதானவர்களோடு சேர்ந்து பார்க்க ஏற்றது. 'தட் லேடி இன் எர்மின்' படத்தைத் தாராளமாக விட்டுவிடலாம். லூபிட்ச் பாதியில் இறந்துபோக வேறொருவர் முடித்த படம் அது. நீங்கள் எழுத நினைப்பவராக இருந்தால் அந்த 1983 புத்தகத்தைப் பழைய புத்தகக் கடைகளிலோ நூலகத்திலோ தேடிப் பிடியுங்கள். வெனிஸ் விருந்துக் காட்சியை முதலில் தாளில் படித்துவிட்டு, அப்புறம் படத்தைப் போட்டுப் பாருங்கள்.